டி-34: ஒரு டாங்கியின் பலமும் அதன் விலையும்



இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ருஷ்யர்கள் பெருந்தொகையாகச் செய்து போர்க்களத்துக்கு அனுப்பிய டி-34 என்னும் நடுத்தர டாங்கியைப் பற்றி இன்று பேச இசைந்திருக்கிறேன். இந்த டாங்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். யுத்தத்தை வென்று கொடுத்ததே இந்த யந்திரந்தான் என்று ஒரு சாரார் புகழ்கிறார்கள். கண் தெரியாத, கை நீட்ட இடமில்லாத, அடிக்கடி பழுதாகிற முரட்டு இரும்புப் பெட்டி என்று மற்றொரு சாரார் இகழ்கிறார்கள். இரு சாராரும் எடுத்துக்காட்டும் செய்திகளில் பெரும்பாலானவை உண்மையே. ஆயினும் பலத்தை ஒரு பக்கத்திலும் பலவீனத்தை எதிர்ப்பக்கத்திலும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் முறை இந்த விஷயத்துக்குப் போதாது என்பது என் அபிப்பிராயம். எந்த அம்சத்தினால் இந்த டாங்கி பகைவரைத் திடுக்கிடச் செய்ததோ, பெரும்பாலும் அதே அம்சந்தான் அதனுள் ஏறிய நான்கு மனிதர்களை வருத்தியது. வெளியே கவசத்தின் வடிவத்துக்குக் கொடுத்த இடம் அனைத்தும் உள்ளே மனிதரிடமிருந்து எடுத்த இடமாக இருந்தது. இதை விளக்குவதே என் நோக்கம்.

இந்த டாங்கியை நிர்மாணித்த குழுவின் தலைவர் மிகயீல் கோஷ்கின். 1898-இல் குடியானவர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் மாஸ்கோவில் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து, புரட்சிக்குப் பிறகு லெனின்கிராடில் பொறியியல் கற்று, கார்க்கோவ் நகரத்து ரயில் எஞ்சின் ஆலையில் டாங்கி நிர்மாணப் பொறுப்பை ஏற்றவர் அவர். அக்காலத்தில் ருஷ்ய சைன்யம் பெரிதும் நம்பியிருந்த பி.டி. வகை வேக டாங்கிகள், வால்ட்டர் கிறிஸ்டி என்னும் அமெரிக்கரின் அமைப்பைத் தழுவியவை. வேண்டும்போது சங்கிலிப் பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் சக்கரங்களின்மேல் சாலையில் ஓடக்கூடியவை. புதிய டாங்கியிலும் அந்த இரட்டை வசதி இருக்க வேண்டுமென்று மேலிடம் எதிர்பார்த்தது. கோஷ்கினோ, சக்கரங்களைத் தனியே ஓட்டுவதற்கு வேண்டிய உறுப்புகளின் எடையைக் கவசத்துக்குக் கொடுப்பதே விவேகம் என்று வாதாடி, சங்கிலிப் பட்டை மட்டும் உடைய மாதிரியொன்றையும் கூடவே செய்து காட்டினார். 1940 மார்ச்சு மாதத்தில், உறைபனி இன்னும் விலகாத நாட்களில், இரண்டு மாதிரி டாங்கிகள் கார்க்கோவிலிருந்து மாஸ்கோ வரை ரயிலில் ஏற்றப்படாமல் தாமாகவே ஓடிச் சென்று, கிரெம்ளினில் ஸ்டாலினுக்குக் காட்டப்பெற்றன. அந்தப் பயணத்தில் உடன் சென்ற கோஷ்கினுக்குச் சளி பிடித்து, அது நிமோனியாவாக முற்றி, அவ்வாண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி அவர் காலமானார். தம் டாங்கி போர்க்களத்தில் ஒரு குண்டு சுட்டதைக்கூட அவர் பார்க்கவில்லை. அவருடன் பணி செய்த அலெக்ஸாண்டர் மொரோஸோவ் அந்தப் பொறுப்பைத் தொடர்ந்தார்.

இனி, அந்த யந்திரத்தின் சிறப்பு எதில் இருந்தது என்று பார்ப்போம். முதலாவது, கவசத்தின் சாய்வு. முன்புறத் தகட்டின் கனம் 45 மில்லிமீட்டர்தான். ஆனால் அது செங்குத்து நிலையிலிருந்து 60 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. வாழைத்தண்டை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் வெட்டுவாய் எப்படி நீண்டுவிடுகிறதோ, அப்படியே தரைமட்டமாக வரும் குண்டு அந்தத் தகட்டில் 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடந்தாக வேண்டியிருந்தது. அதுவுமன்றிச் சாய்ந்த பரப்பில் பட்ட குண்டுகள் பல கவ்வாமல் மேலே வழுக்கிப் போய்விட்டன. இரட்டைக் கனமுள்ள தகட்டின் பயனை இரட்டை எடையைச் சுமக்காமலே பெற்றார்கள். சாய்ந்த கவசம் ருஷ்யர்களுக்கு முன்பே பிறருக்கும் தெரிந்த உபாயந்தான். அதை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று நாற்புறமும் துணிந்து பிரயோகித்துப் பெருவாரியாகச் செய்து குவித்தது இவர்களுடைய சாதனை.

இரண்டாவது, டீசலில் ஓடும் வி-2 எஞ்சின். பன்னிரண்டு சிலிண்டர்கள், 500 குதிரைத் திறன். சுமார் 26 டன் எடையுள்ள டாங்கியை நல்ல சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது செலுத்தியது. மூன்றாவது, அரை மீட்டர் அகலமுள்ள சங்கிலிப் பட்டைகள். ருஷ்யாவில் இலையுதிர் காலத்து மழை பெய்துவிட்டால் மண் சாலைகள் யாவும் முழங்காலளவு சேறாகிவிடும். குறுகிய பட்டைகளோடு வந்த ஜெர்மானிய டாங்கிகள் அதில் அமிழ்ந்து திணறியபோது, தன் பாரத்தை அகலப் பரப்பிக்கொண்ட டி-34 அந்தச் சேற்றையும் பின்னர் வந்த பனியையும் கடந்து சென்றது. இவற்றோடு, கவசத்தைத் துளைப்பதற்கும், காலாட்படையினர்மீது வெடித்துச் சிதறும் குண்டை வீசுவதற்கும் ஒருங்கே பயன்பட்ட 76 மில்லிமீட்டர் பீரங்கியும் சேர்ந்துகொண்டது.

1941 ஜூன் 22-ஆம் தேதி ஜெர்மானியர் ருஷ்யாவின்மீது பாய்ந்தபோது இப்படியொரு டாங்கி இருப்பதே அவர்களுக்குச் சரிவரத் தெரியாது. அவர்களுடைய காலாட்படைக்கு டாங்கியை எதிர்க்க வாய்த்திருந்த 37 மில்லிமீட்டர் பீரங்கி, முன்புறத் தகட்டில் மீண்டும் மீண்டும் சுட்டும் பயன்படவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் மாஸ்கோவை நோக்கி விரைந்த ஜெர்மானியத் தளபதி குடேரியனின் கவசப்படை ம்ட்ஸென்ஸ்க் என்னும் ஊரருகே வந்தபோது, கர்னல் கடுகோவ் என்பவர் தம் டி-34களை மரச்செறிவில் மறைத்துவைத்துப் பக்கவாட்டிலிருந்து தாக்கி, அந்த முன்னேற்றத்தைத் தடைப்படுத்தினார். அதற்குப் பிறகு ஜெர்மானிய நிபுணர் குழுவொன்று போர்முனைக்கே வந்து, கைப்பற்றிய டி-34களை ஆராய்ந்தது; அந்த ஆராய்ச்சியின் பயனாக எழுந்ததே சாய்ந்த கவசமுடைய பாந்தர் டாங்கி.

நிற்க. அந்த ஆண்டிலேயே ருஷ்யர்கள் ஏறத்தாழ 2,300 டி-34களை இழந்தார்கள் என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். பகைவரின் குண்டு துளைக்க முடியாத டாங்கிகள் எப்படி இவ்வளவு விரைவில் அழிந்தன? எரிபொருள் வந்து சேராமை, பயிற்சியில்லாத படைஞர், குழப்பமான கட்டளைகள், பழுதுபார்க்கும் வண்டிகள் இல்லாமை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு டாங்கிக்குள்ளேயே இருந்த காரணங்களும் உண்டு. அவற்றைக் காண நாம் உள்ளே இறங்க வேண்டும்.

மேலே பீரங்கியோடு சுழலும் கூண்டில் இரண்டே பேருக்குத்தான் இடம். இடப்புறம் இருப்பவர் டாங்கித் தலைவர். வலப்புறம் இருப்பவர் குண்டு நிரப்புபவர். தலைவரென்றால் மற்ற மூவருக்கும் கட்டளையிட்டுப் போர்க்களத்தை நோக்கிக்கொண்டிருப்பவர் என்று நாம் நினைப்போம். டி-34இல் அவரே பீரங்கியைக் குறிவைத்துச் சுடுபவர். ஒரு தாக்குதலில் அவர் செய்ய வேண்டியிருந்ததை எண்ணிப் பாருங்கள். சிறியதொரு பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பகைவனைத் தேட வேண்டும். கண்டதும் சாரதிக்கு நிற்கச் சொல்ல வேண்டும். குண்டின் வகையை நிரப்புபவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு குறிக்கண்ணாடிக்குக் கண்ணை மாற்றிக் கைச்சக்கரத்தைச் சுற்றிக் குறிவைத்துச் சுட வேண்டும். அவர் கண் குறிக்கண்ணாடியில் இருக்கும் அந்த நேரம் முழுவதும் அந்த டாங்கி சுற்றுப்புறத்தைப் பார்க்கவேயில்லை. பக்கத்துப் புதரில் வேறொரு பீரங்கி தன்னை நோக்கித் திரும்புவதைச் சொல்ல அங்கே ஐந்தாவது ஆள் இல்லை. தலையை வெளியே நீட்டிப் பார்க்கலாமே என்றால், கூண்டின் மேல்மூடி ஒரே பெரிய தகடு. அது முன்னோக்கித் திறந்து நின்று பார்வையை அடைத்துக்கொள்ளும். ஆகவே மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பார்வைக் கருவிகளிலும் ஆரம்பத்தில் நல்ல கண்ணாடி இல்லை. மெருகிட்ட எஃகுத் தகட்டையே சில இடங்களில் கண்ணாடியாக வைத்திருந்தார்கள்.

உள்ளே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் கருவி இருந்தும், எஞ்சினின் இரைச்சலில் அது பெரும்பாலும் கேட்காது. தலைவரின் கால்களுக்குக் கீழே முன்புறத்தில்தான் சாரதியின் தோள்கள் இருந்தன. இடத்தோளைக் காலால் அழுத்தினால் இடப்பக்கம் திரும்பு, வலத்தோளை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பு என்று பொருள். குண்டு நிரப்புபவரின் முகத்துக்கு நேரே முஷ்டியைக் காட்டினால் கவசம் துளைக்கும் குண்டு; விரல்களை விரித்துக் காட்டினால் வெடித்துச் சிதறும் குண்டு. அந்த இளைஞர்கள் பிற்காலத்தில் முதியவர்களாகித் தம் அனுபவங்களைச் சொன்னபோது இச்செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நிரப்புபவரின் பாடும் எளிதன்று. கூண்டு சுழலும், அவர் நிற்கும் தரை சுழலாது. பீரங்கியின் பின்புறம் நகர நகர அவரும் நகர வேண்டும். கைக்கெட்டும் சுவரில் சில குண்டுகளே இருந்தன. மற்றவை காலடியில் பெட்டிகளில், ரப்பர் விரிப்புக்குக் கீழே. நாலைந்து குண்டு சுட்டானதும் விரிப்பைக் கிழித்தெடுத்துப் பெட்டியைத் திறந்து குண்டைத் தூக்க வேண்டும். அதற்குள் சுட்டு முடித்த குண்டுகளின் கொதிக்கும் பித்தளைக் கூடுகள் அதே தரையில் உருண்டுகொண்டிருக்கும்.

ஏன் இவ்வளவு நெருக்கடி? பக்கச் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்ததால், மேலே கூண்டு அமரும் வளையம் குறுகிற்று, கூண்டும் குறுகிற்று, மூன்றாவது மனிதனுக்கு இடம் போயிற்று. கரடுமுரடான நிலத்தில் அதிவேகமாக ஓட வழிசெய்த கிறிஸ்டியின் பெரிய சுருள்விற்களும் உடலுக்கு வெளியே நில்லாமல் சுவரின் உட்புறத்தையே பிடித்துக்கொண்டன. அவற்றுக்கு இடையே மிஞ்சிய பள்ளங்களில் எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள். அதாவது மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே வைத்தார்கள். பெட்ரோலைவிட டீசல் எளிதில் தீப்பற்றாது என்பது மெய்யே. ஆயினும் பாதி காலியான தொட்டியில் குண்டு பாய்ந்தால் அங்கே தேங்கியிருக்கும் ஆவி வெடித்துவிடும். தகட்டின் எஃகை மிகக் கடினமாக்கியதால் சில வேளைகளில் குண்டு துளைக்காதபோதும் தகட்டின் உட்புறம் சில்லுசில்லாகப் பெயர்ந்து உள்ளே இருப்பவர்கள்மீது பாய்ந்தது. முன்புறத்தில் சாரதிக்கு அருகே உட்கார்ந்த யந்திரத் துப்பாக்கிக்காரருக்குத் தலைக்குமேல் வாசல் கிடையாது. சாரதி வெளியேறிய பிறகோ, தரையிலுள்ள சிறு வாசல் வழியாகவோதான் அவர் தப்ப முடியும். எரியும் டாங்கியில் அந்தச் சில விநாடிகள் எத்தகையவை என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

ஓட்டுவதும் பெருந்துன்பம். நான்கு கியர்கள் கொண்ட பழைய அமைப்பில் பற்சக்கரங்களே நேரடியாக நகர்ந்து ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சாரதி ஒருவரின் கைவலிமை பல சமயம் போதாமல், பக்கத்திலிருப்பவரும் சேர்ந்து தண்டை இழுப்பார். சுத்தியலால் தட்டியதும் உண்டு. ஆகையால் பல சாரதிகள் போருக்குள் நுழையும்போதே இரண்டாவது கியரில் போட்டு, கடைசி வரை அதிலேயே ஓட்டினார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்று ஏட்டில் எழுதிய வேகம் போர்க்களத்தில் எங்கே போயிற்று என்பதற்கு இதுவே விடை. 1942-இல் ருஷ்யர்கள் ஒரு டி-34ஐ அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அபர்டீன் சோதனைக் களத்தில் அதை ஓட்டிப் பார்த்தபோது 343 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் செப்பனிட முடியாதபடி கெட்டுவிட்டது. காற்றை வடிகட்டும் சாதனம் தூசியைத் தடுக்காமையால் மணலும் புழுதியும் சிலிண்டர்களுக்குள் புகுந்து அறுத்துவிட்டன. அருமையான எஞ்சினை ஓர் அற்பமான வடிகட்டி கொன்றது. அதே அமெரிக்கர்கள் அந்த டாங்கியின் உடல் வடிவத்தையும் டீசல் எஞ்சினின் அமைப்பையும் மனமாரப் பாராட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

இக்குறைகள் நிர்மாணித்தவர்களுக்குத் தெரியாமல் இருந்தனவா? தெரிந்தே இருந்தன. இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் ஈர்த்த செய்தி இதுதான். யுத்தத்துக்கு முன், இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் நிலவிய காலத்தில், ஜெர்மனியின் மூன்றாம் வகைப் பான்ஸர் டாங்கி ஒன்றை ருஷ்யர்கள் வாங்கிக் குபின்கா சோதனைக் களத்தில் பரிசோதித்தார்கள். அதன் கவசமும் பீரங்கியும் டி-34க்கு ஈடில்லை. ஆனால் கூண்டில் மூன்று பேர் விசாலமாக இருந்தார்கள், தலைவருக்குச் சுடும் வேலை இல்லை, சுற்றிலும் பார்க்க அவருக்குத் தனி முகடு இருந்தது, ரேடியோவும் இருந்தது. கண்டவர்கள் உணர்ந்துகொண்டார்கள். மூவர் அமரும் கூண்டு, சுருள்விற்களுக்குப் பதிலாக இடத்தை அடைக்காத முறுக்குத் தண்டுகள் ஆகியவற்றோடு டி-34எம் என்னும் திருத்திய வடிவம் காகிதத்தில் தயாராயிற்று. அதை ஆலையில் தொடங்க வேண்டிய தருணத்தில் யுத்தம் வந்துவிட்டது. கருவிகளை மாற்றி அமைப்பதற்காக உற்பத்தியைச் சில மாதங்கள் நிறுத்துவதா, குறைகளோடேயே மேலும் மேலும் செய்து அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தபோது, அவர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள்.

அந்தத் தீர்மானத்தின் சூழ்நிலையை மறந்துவிட்டு நாம் தீர்ப்புக் கூறக் கூடாது. 1941 அக்டோபரில் ஜெர்மானியர் கார்க்கோவை நெருங்கியபோது, அந்த ஆலையையே பெயர்த்து, யந்திரங்களையும் தொழிலாளரையும் ரயிலேற்றி, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் யூரல் மலைப் பிரதேசத்திலுள்ள நிஷ்னி தாகில் நகரத்தில் இறக்கினார்கள். டிசம்பரில் அங்கிருந்து டாங்கிகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. கீவ் நகரத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்த எவ்கேனி பாட்டன் என்னும் எழுபது வயது கடந்த பெரியவர், கவசத் தகடுகளைத் தாமாகவே பற்றவைக்கும் வெல்டிங் யந்திரங்களை அமைத்துக் கொடுத்தார். அதனால், தேர்ந்த தொழிலாளி நெடுநேரம் செய்த பற்றவைப்பைப் புதிதாக வேலைக்கு வந்த பெண்களும் பதின்வயதுச் சிறுவர்களும் விரைவில் செய்யக் கூடியதாயிற்று. ஒரு டாங்கிக்கு 1941-இல் சுமார் 8,000 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. 1943-இல் அது 3,700 மணி அளவுக்குக் குறைந்தது. ரப்பர் கிடைக்காதபோது சக்கரத்தின் விளிம்பில் ரப்பர் இல்லாமலே செய்தார்கள். சங்கிலிப் பட்டையின் இணைப்பு ஆணிகளுக்கு உட்புறத்தில் பூட்டுப் போடுவதைக்கூட விட்டுவிட்டு, கழன்று வரும் ஆணியை ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே தள்ளிவிடும்படி உடலில் ஓர் இரும்பு ஆப்பைப் பொருத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான். ஒரு துண்டு இரும்பு. ஆயிரக்கணக்கான பூட்டுகளின் வேலையைச் செய்தது. யுத்தம் முடிவதற்குள் 76 மில்லிமீட்டர் பீரங்கி உடையவையும் பின்னர் வந்த 85 மில்லிமீட்டர் பீரங்கி உடையவையும் சேர்த்து 55,000க்கு மேற்பட்ட டி-34கள் வெளிவந்தன. ஜெர்மானியரின் பாந்தரோ, சிறந்த பார்வைக் கருவிகளும் தடித்த கவசமும் நீண்ட பீரங்கியும் உடையதாயிருந்தும், சுமார் ஆறாயிரம் என்ற அளவோடு நின்றது.

ஆகவே அந்தத் தீர்மானம் சரியானதே என்று நான் கருதுகிறேன். ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் தீர்மானித்தவர்கள் அல்லர். யுத்த காலம் முழுவதிலும் ருஷ்யர்கள் இழந்த நடுத்தர டாங்கிகள் 44,000க்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை டி-34களே. அந்த எண்ணுக்கு உள்ளே ஒவ்வொன்றிலும் நான்கு பேர் அல்லது, பிற்கால வகையில், ஐந்து பேர் இருந்தார்கள். இருபது வயது நிரம்பாத பிள்ளைகள் பலர். பார்வை இல்லாததால் முதலில் சுட முடியாமல் போனது, மூன்றாவது மனிதன் இல்லாததால் பக்கவாட்டிலிருந்து வந்ததைக் காணாமல் போனது, வாசல் இல்லாததால் வெளியேற முடியாமல் போனது ஆகியவை யாவும் சேர்ந்ததே அந்த எண். உற்பத்திக் கணக்கைப் பெருமையாகச் சொல்லும் நூல்கள் இந்தக் கணக்கையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

திருத்தங்களும் படிப்படியாக வந்தன. ஐந்து கியர்கள் கொண்ட புதிய பெட்டியும், தூசியை நன்கு தடுக்கும் வடிகட்டியும், தலைவர் சுற்றிலும் பார்க்க ஒரு முகடும் 1943 வாக்கில் வந்து சேர்ந்தன. 1944 ஆரம்பத்தில் 85 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய டி-34-85 களத்துக்கு வந்தது. பெரிய பீரங்கி வந்ததை எல்லோரும் பாராட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய நன்மை அந்தப் பீரங்கிக்காகக் கூண்டின் வளையத்தை 1,600 மில்லிமீட்டராக அகலப்படுத்தியதுதான். அந்த அகலத்தில் மூன்றாவது மனிதன் வந்து உட்கார்ந்தான். தலைவர் சுடும் வேலையிலிருந்து விடுபட்டுத் தலைவரானார். ரேடியோவும் ஒவ்வொரு டாங்கிக்கும் கிடைத்தது. 1941-இல் காகிதத்தில் இருந்தது மூன்று ஆண்டுகள் கழித்து இரும்பில் வந்தது. சுருள்விற்களும், உள்ளறையிலிருந்த எரிபொருள் தொட்டிகளும் மட்டும் கடைசி வரை மாறவில்லை. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தும், முறுக்குத் தண்டுகளைப் பொருத்தியும் உள்ளே இடம் உண்டாக்கிய டி-44 ஜெர்மனியை எதிர்த்த போரில் கலந்துகொள்ளும் முன்பே யுத்தம் முடிந்துவிட்டது.

இந்த வம்சம் நமக்கு அந்நியமானது அன்று. நிஷ்னி தாகிலில் வேரூன்றிய அதே ஆலையில் பிற்காலத்தில் உருவான டி-72 டாங்கி, நம் சென்னைக்கு அருகே ஆவடியில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. தாழ்ந்த உருவம், குறைந்த எடை, சிக்கனமான உள்ளிடம் என்ற பழைய கொள்கை அதிலும் தொடர்கிறது. குண்டு நிரப்பும் வேலையை ஒரு யந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, மூன்று பேரோடு அது ஓடுகிறது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நாளை அந்த ஆலைக்கு வேலைக்குப் போகக்கூடும். போகிறவர்கள், கவசத்தின் கனத்தையும் பீரங்கியின் விட்டத்தையும் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், அந்த டாங்கியில் பல ஆண்டு இருந்து ஓய்வுபெற்ற படைஞர் யாரேனும் கிடைத்தால், அவர் முழங்கால் எங்கே இடித்தது, மூடியைத் திறக்காமல் அவருக்கு எவ்வளவு தெரிந்தது, அவசரத்தில் வெளியேற எத்தனை விநாடி பிடித்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த டாங்கியின் வரைபடத்தை விரிக்கும்போது அந்தத் தாளும் மேஜைமேல் இருக்க வேண்டும்.